புற்றுக்குள் பார்ப்பது: மதுரைக் காலும் மருத்துவப் படங்களும்

(கோவையில் மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எந்த மாணவரும் 'கிரேஸ் அனாட்டமி'யைப் புரட்டாமல் இருந்திருக்க மாட்டார். 1858இல் லண்டனில் வெளிவந்த உடற்கூறியல் நூல் அது. எழுதியவர் ஹென்றி கிரே. அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்தவை அதன் படங்கள். தசையும் நரம்பும் எலும்பும் தத்தம் பெயரைத் தம் மேலேயே தாங்கி நிற்கும் படங்கள் அவை. வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். நூல் வெளியான அதே ஆண்டில் அவர் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்து, அங்கே மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பிக்கத் தொடங்கினார்.

பம்பாயில் அவர் பார்த்த கால்களில் சில, புத்தகத்தில் இல்லாத வகை. பாதம் வீங்கிப் பருத்திருக்கும். மேலெல்லாம் சிறு சிறு துளைகள். அந்தத் துளைகள் வழியே சீழோடு கறுப்பாகவும் வெளுப்பாகவும் குருணை குருணையாக ஏதோ வரும். அன்றைய மருத்துவத்துக்கு ஒரே வழிதான் தெரியும்: காலை எடுத்துவிடுவது. எடுத்த காலைக் கார்ட்டர் இரண்டாக அறுத்தார். உள்ளே கண்டதைத் தூரிகையால் வரைந்தார். 1860ஆம் ஆண்டு வாக்கில் இந்த நோய்க்கு 'மைசீட்டோமா' என்று அவர் பெயர் வைத்தார். பூஞ்சைக் கட்டி என்பது பொருள். 1874இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயின் உட்புறத்தை மருத்துவ உலகுக்குக் காட்டியவை அந்தப் படங்கள். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் தம் காலைக் கொடுக்க வேண்டியிருந்தது.

காலைக் கேட்காமல் அதே படத்தை எடுக்க இன்று கருவிகள் இருக்கின்றன. அந்தக் கருவிகளையும், அவை இருந்தும் நோயாளி அவற்றிடம் தாமதமாக வந்துசேர்வதையும் பற்றியதே இந்தச் சொற்பொழிவு.

கார்ட்டருக்கு முன்பே இந்த நோய்க்கு வேறொரு பெயர் வழங்கியது. 1842இல் மதுரையின் மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் குறித்துவைத்தார். பின்னர் ஒட்டிக்கொண்ட 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால் என்ற பெயர், இன்றும் உலகத்துப் பாடநூல்களிலெல்லாம் இருக்கிறது. சூடானிலும் மெக்சிகோவிலும் இதே நோய் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்திருக்கிறது. அங்கே படிக்கும் மாணவரும் மதுரையின் பெயரைச் சொல்லித்தான் தேர்வு எழுதுகிறார். நோய்க்குப் பெயர் கொடுத்த நாட்டிலோ, தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்கும் இந்த நோயைத் தெரியாது. காலில் வீக்கமா, யானைக்கால் என்பார்கள். கட்டியா, புற்றாக இருக்குமோ என்று பயப்படுவார்கள்.

அந்தப் 'புற்று' என்ற சொல்லில் சற்று நிற்கலாம். பழைய இந்திய மருத்துவ மரபில் 'பாத வல்மீகம்' என்று ஒரு நோய் பேசப்படுகிறது. வல்மீகம் என்றால் கறையான் புற்று. இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காடுகளில் நிற்கும் ஒரு புற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மேடும் நாலைந்து வாய்களும்தான் தெரியும். எந்த வாய் எந்த அறைக்குப் போகிறது, அறைகள் எவ்வளவு ஆழம், அடியில் வேரை அரித்திருக்கிறதா என்பதெல்லாம் மேலே நிற்பவருக்குத் தெரியாது. மதுரைக் காலும் அப்படித்தான். தோலில் தெரியும் துளை ஒரு புரையின் வாய். புரைகள் உள்ளே ஒன்றோடொன்று கலந்து, கொழுப்பையும் தசையையும் கடந்து, எலும்புவரை ஓடியிருக்கும். ஒவ்வொரு அறையின் நடுவிலும் கிருமிகள் கூடி இறுகிய ஒரு குருணை உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கிருமி எது என்பதில்தான் காலின் தலையெழுத்து இருக்கிறது. கார்ட்டர் எல்லாவற்றையும் பூஞ்சை என்றே எண்ணினார். பிறகுதான் இது இரண்டு நோய் என்று புரிந்தது. ஒன்று உண்மையான பூஞ்சையால் வருவது. மற்றொன்று நூல்போல் நீண்டு கிளைவிடும் பாக்டீரியாக்களால் வருவது. இதை ஆக்டினோமைசீட்டோமா என்பார்கள். 1894இல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் அப்படியொரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதற்கும் மதுரையின் பெயரையே சூட்டினார். இன்று அது 'ஆக்டினோமதுரா மதுரே'. பூஞ்சை வகையில் முதன்மையானதன் பெயர் 'மதுரெல்லா'. எதிரெதிர் அணிகளில் நிற்கும் இரண்டு கிருமிகளும் ஒரே ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ராஜஸ்தான் போன்ற வறண்ட வடக்கில் பூஞ்சை வகை மிகுதி. தென்னாட்டில் பாக்டீரியா வகையே மிகுதி. ஒரு விதத்தில் இது நமக்கு நல்ல சேதி. பூஞ்சை வகைக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் பல நேரம் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா வகையை மருந்தாலேயே குணப்படுத்தலாம். மெக்சிகோவின் ஒலிவேரியோ வெல்ஷ் 1980களில் அமிக்காசின் ஊசியையும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் சேர்த்துச் சுற்றுச் சுற்றாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். டெல்லி எய்ம்ஸின் தோல் மருத்துவர் ராமமும் குழுவினரும் 2000இல் இரண்டு கட்டச் சிகிச்சை முறை ஒன்றை வெளியிட்டார்கள்: முதலில் சில வாரம் ஊசியோடு தீவிரமாக, பிறகு பல மாதம் மாத்திரையோடு நிதானமாக. கோட்ரைமாக்சசோல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் பழைய மாத்திரை. ஆகவே பாக்டீரியா வகை மதுரைக் காலில் ஒருவர் காலை இழந்தால், பெரும்பாலும் அது மருந்தில்லாமல் நேர்ந்த இழப்பு அல்ல. நோயை நேரத்தோடு பார்க்காததால் நேர்ந்த இழப்பு.

ஏன் பார்ப்பதில்லை? வலிக்காததால்.

அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். வயது நாற்பதுக்குள். எப்போதோ கிளுவை வேலியில் முள் குத்தியிருக்கும், அவருக்கே நினைவிருக்காது. உள்ளங்கால் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. அமுக்கினால் வலியில்லை. அவர் காலாணி என்று நினைக்கிறார். ஆறு மாதத்தில் அது பக்கத்தில் இன்னொன்றைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு வருடத்தில் உடைந்து சீழ் வருகிறது, தானாக ஆறுகிறது, வேறிடத்தில் உடைகிறது. மஞ்சள் அறுவடையும் தண்ணி கட்டுவதும் நிற்காது, அவரும் நிற்பதில்லை. கடைசியில் மருத்துவர் முன் உட்காரும்போது, "எத்தன வருசமாச்சுங்க?" என்ற கேள்விக்கு அவர் பதில், "மூணு வருசம் இருக்குமுங்க. வலியே இல்லீங்க, அதான் உட்டுட்டனுங்க." இந்த நோயின் வரலாறு முழுவதும் இந்தப் பதிலில் அடக்கம். நோயாளிகளில் பெரும்பகுதியினர் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உழைக்கும் ஆண்கள் என்பதையும், பெரும்பான்மையாகப் பிடிக்கும் இடம் பாதம் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கருவிகள். முதலில் எக்ஸ்ரே. எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் எடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது எலும்பு. எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டிருப்பதையும், உள்ளே ஓட்டைகள் விழுந்திருப்பதையும் அது காட்டும். ஓட்டைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தால் பூஞ்சை என்றும், பூச்சி அரித்த துணிபோலச் சிறிதும் நிறையவுமாக இருந்தால் பாக்டீரியா என்றும் அனுபவமுள்ள கண் ஊகிக்கும். சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரே பேசத் தொடங்கும்போது நோய் எலும்புக்குள் குடியேறிவிட்டிருக்கும். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே 'ஒன்றுமில்லை' என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைத்த கதைகள் அதனால்தான் உண்டாகின்றன.

அடுத்தது அல்ட்ராசவுண்ட், மக்கள் வாயில் 'ஸ்கேன்'. வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் எடுக்கும் அதே கருவி. பாதத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி, சிறு ஆய்வுக்கோலை மெல்ல நகர்த்தினால், திரையில் சாம்பல் நிறத் தசைக்கு நடுவே கரிய குழிகள் தெரியும். அவை சீழ் நிறைந்த அறைகள். அறைகளுக்குள் வெண்புள்ளிகள் மின்னும், அவை குருணைகள். சூடானின் கார்ட்டூம் நகரைச் சேர்ந்த மருத்துவர் அகமது ஃபஹாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் இதை ஒழுங்காக எழுதிவைத்தார்கள். பூஞ்சைக் குருணைகள் கூர்மையான ஒளிப்புள்ளிகளாகத் தனித்தனியே தெரியும். பாக்டீரியாக் குருணைகள் மெல்லியவை. நெருக்கமாகக் கூடி அறையின் அடியில் படிந்ததுபோல் இருக்கும். ரசம் வைத்த பாத்திரத்தின் அடியில் பருப்பு தங்குவதை ஒரு முறை பார்த்தவருக்கு இந்தப் படம் மறக்காது. இன்னொரு நன்மையும் உண்டு: திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை நேராக அந்த அறைக்குள் செலுத்திக் குருணையை எடுத்துவிடலாம்.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. இங்கே சற்று நிதானமாகப் பேச வேண்டும். மதுரைக் காலைப் பொறுத்தவரை எம்.ஆர்.ஐ ஓர் அடையாளத்தையே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளின் பாதப் படங்களை வெளியிட்டு, அந்த அடையாளத்துக்கு 'வட்டத்துக்குள் புள்ளி' என்று பெயர் வைத்தார்கள். 2007இல் டெல்லியிலிருந்தும், 2009இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்தும் அதே அடையாளத்தோடு நோயாளிகளின் விவரங்கள் வந்தன. வேலூர் மருத்துவர்கள் பதிப்பித்தது மூன்று பாதங்களை. நோய்க்குப் பெயர் தந்த தமிழ்நாட்டிலிருந்தே அதன் முகத்தைக் காட்டும் படமும் போனது என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

அந்தப் படத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். கரும்பின்னணியில் பாதத்தின் குறுக்குவெட்டு. எலும்புகளுக்கு இடையே இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் வெண்ணிற உருண்டைகள் கொத்துக் கொத்தாக. ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் கறுப்பாக ஒரு மெல்லிய வளையம். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகைவிடச் சிறிய ஒரு கறுப்புப் புள்ளி. வளையம் என்பது உடல் எழுப்பிய நார்ச்சுவர். நோயை அடைத்துவைக்க உடல் செய்த முயற்சி. வெண்மை, அழற்சியால் வளர்ந்த இளந்திசு. நடுப்புள்ளிதான் குருணை, கிருமியின் வீடு. கார்ட்டர் அறுத்துப் பார்த்து வரைந்த அதே அமைப்பு, இப்போது முழுக்காலோடு படுத்திருக்கும் மனிதரின் உள்ளிருந்து, ஒரு தையல்கூடப் போடாமல் கிடைக்கிறது. எலும்புக் காசநோயிலோ, சாதாரண எலும்புச் சீழிலோ, சதைப் புற்றிலோ இப்படியான கொத்தைக் காண்பது மிக அரிது.

தோல் உடையாத காலத்தில் இந்த அடையாளத்தின் மதிப்பு இன்னும் பெரிது. துளை இருந்தால் குருணை தானாகவே வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். துளை இல்லாத வெறும் கட்டியை அறுவை மருத்துவர் புற்று என்று சந்தேகித்துப் பெரிய அறுவைக்கு நாள் குறிக்கலாம். அந்த நேரத்தில் படத்தில் வட்டத்துக்குள் புள்ளியைப் பார்த்துச் சொல்லும் ஒரு கதிரியக்க மருத்துவர், ஒரு காலையே காப்பாற்றிவிடுகிறார்.

ஆயினும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் இது மைசீட்டோமா என்று கூறலாம். பாக்டீரியாவா பூஞ்சையா என்று அடித்துச் சொல்ல முடியாது. பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து பாக்டீரியாவைத் தொடாது. பாக்டீரியாவுக்கான ஊசி பூஞ்சையைச் சீண்டாது. அமிக்காசின் காது கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்து. ஊகத்தின் பேரில் வாரக்கணக்கில் கொடுக்கத்தக்கதல்ல. அங்கே பழைய கைவேலைதான் துணை. புண்ணை நன்றாகக் கழுவி, மெல்லிய காஸ் துணியைப் போட்டு இரவு முழுக்கக் கட்டிவைக்கிறார்கள். காலையில் அவிழ்த்தால் துணியின் இழைகளில் குருணைகள் ஒட்டியிருக்கும். கறுப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளையோ மஞ்சளோ என்றால் பெரும்பாலும் பாக்டீரியா, ஆனால் சில பூஞ்சைகளும் உண்டு. கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இழையின் பருமன் தீர்ப்புச் சொல்லும்: ஒரு மைக்ரானுக்கும் மெல்லியதாக இருந்தால் பாக்டீரியா, அதைவிடப் பலமடங்கு தடித்ததாக இருந்தால் பூஞ்சை. கோடிக்கணக்கில் விலைபோகும் எந்திரமும் ஒரு முழம் காஸ் துணியும் இங்கே சமமான சாட்சிகள்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் மைசீட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஜான் கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து. இதற்கென்றே 1991இல் கார்ட்டூமில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, உலகத்துக்கே வழிகாட்டியாக நின்றது. 2023இல் மூண்ட சூடான் போரில் அந்த மையமும் பாழானது. அங்கே பல பத்தாண்டுகளாகத் திரட்டிய மாதிரிகளும் பதிவுகளும் போனதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு, நோயாளிகளும் கருவிகளும் ஒருங்கே உள்ள இந்தியாவுக்கும் உண்டு. கோவை போன்ற நகரங்களுக்கு அது இன்னும் அதிகம். அவிநாசி சாலையில் ஒரு முறை போய்வந்தால் எத்தனை ஸ்கேன் பலகைகள் கண்ணில் படுகின்றன!

கொங்கு மண் இந்த நோய்க்கு அந்நியமான மண் அல்ல. இந்தக் கிருமிகள் மண்ணிலும் அதில் மட்கும் செடிகொடிகளிலும் வாழ்பவை. முள்ளோ, சிராய்ப்போதான் அவற்றுக்கு வாசல். காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரங்கள். தரிசானால் சீமைக் கருவேலம். வெறுங்காலோடு இவற்றினூடே நடப்பது பிழைப்பின் பகுதி.

வெறுங்காலை வறுமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று பட்டியல் சாதி மக்களைத் தடுத்துவைத்த வழக்கம் இந்த வட்டாரத்திலும் இருந்தது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்ற கிராமத்தில், அப்படித் தடுக்கப்பட்ட ஒரு தெருவில் அந்த மக்கள் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில். செருப்பைத் தடுத்தவர்கள் மரியாதையை மட்டும் பறிக்கவில்லை. முள்ளுக்கும் சதைக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒரே தடுப்பையும் பறித்தார்கள்.

ஸ்கேனைக் கிராமத்துக்குக் கொண்டுபோவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவாக வேண்டும். கையடக்கக் கருவியை நினைத்த இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அந்தச் சட்டம் தேவையானது. இங்கே பிறந்து வளர்ந்த பெண்களின் பெயரால் அதைக் காக்க வேண்டும். அதே சட்டம் நடமாடும் மருத்துவப் பிரிவுக்கு இடம் தருகிறது. அந்த வண்டியில் ஏறும் ஸ்கேன் கருவி பாதத்தையும் பார்க்கட்டும் என்று கேட்பதில் சட்டத்துக்கு எந்தப் பழுதும் இல்லை.

அதற்கு முன் யாராவது பாதத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். தொழுநோய்க்காக 'உணர்ச்சியற்ற தேமல்' என்ற இரண்டு சொற்களைச் சுவர்தோறும் எழுதித் தமிழ்நாடு ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. 'வலிக்காத கட்டி' என்ற இரண்டு சொற்களையும் அதே போலக் கற்றுக்கொடுக்கலாம். வீடு தேடிப் போகும் அந்தப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம், "காலத் தூக்கிக் காட்டுங்கண்ணா" என்று கேட்டு உள்ளங்காலை விரலால் ஒரு முறை தடவிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

அவிநாசிக்காரரை அப்படியே விட்டுவிட வேண்டாம். அவருக்கு ஸ்கேன் எடுத்து, குருணையை எடுத்து, பாக்டீரியா என்று உறுதியாகி, ஊசியும் மாத்திரையுமாக மாதங்கள் ஓடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துளைகள் மூடிவிட்டன. ஆனால் தோல் மூடியது போதாது. உள்ளே புள்ளி இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். மறுபடி களிம்பு, மறுபடி ஆய்வுக்கோல். அடியில் படிந்திருந்த வெண்புள்ளிகள் திரையில் இல்லை. மருத்துவர் இன்னும் சில மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, "தோட்டத்துக்குப் போறப்ப செருப்புப் போடறீங்களா?" என்று கேட்கிறார்.

"போடறனுங்க. ஆனா தண்ணி கட்டறப்ப சேத்துல செருப்பு நிக்கறதில்லீங்க," என்கிறார் அவர்.